பாரிஸ் கியூரி அருங்காட்சியகம்: மேரி கியூரியின் மேசையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள்

பாரிஸ் 5-ஆவது வட்டாரம், பியர்-மேரி கியூரி தெரு, 1-ஆம் எண். கீழ்த்தளம் மட்டுந்தான், நுழைவு இலவசம். புதன் முதல் சனி வரை, பிற்பகல் 1 முதல் 5 மணி வரை திறந்திருக்கும். காலையில் போனால் பூட்டிய கதவுதான்.

1914-இல் கட்டி முடிந்த ரேடியம் நிறுவனத்தின் கட்டடம் இது. 1934-இல் இறக்கும்வரை மேரி கியூரி பொறுப்பில் இருந்த ஆய்வகம். அவருடைய மேசை இருக்கும் அறைதான் எல்லோரையும் இழுக்கிறது. ஆனால் அவருக்குப் பிறகு சக ஆய்வாளர் டெபியர்ன், மகள் ஐரீன், மருமகன் ஜோலியோ என்று மூன்று இயக்குநர்களும் அதே அறையில்தான் இருந்தார்கள். ஒட்டியுள்ள வேதியியல் அறையில் 1981-இலேயே கதிரியக்கப் படிவை நீக்கிவிட்டார்கள். பயம் வேண்டாம்.

அரை மணி நேரமாவது நிற்க வேண்டிய இடம், மிகச் சிறிய மின்னூட்டத்தையும் காட்டும் கருவியான எலக்ட்ரோமீட்டர். தட்டில் தாதுப் பொடியைப் பரப்பி மின்னழுத்தம் கொடுத்தால், கதிர்கள் காற்றை அயனியாக்கி மிக நுண்ணிய மின்னோட்டம் ஓடும். சாதாரண மீட்டருக்கு அது எட்டாது. அதற்குத்தான் பக்கத்தில் குவார்ட்ஸ் பட்டை: எடை இழுக்க இழுக்க அதில் மின்னூட்டம் பிறக்கும். அதை வைத்துத் தாதுவின் மின்னூட்டத்தை ஈடுகட்டி, எலக்ட்ரோமீட்டர் அளவுகோலில் காட்டும் ஒளிப்புள்ளியைப் பூஜ்யத்திலேயே நிறுத்த வேண்டும். ஒரு கை எடையில், மறு கை நிறுத்துகடிகாரத்தில், கண் புள்ளியில். காற்றில் ஈரம் ஏறினால் மின்னூட்டம் கசிந்து கணக்குக் கெடும். பிட்ச்பிளெண்ட் தாதுவின் கதிர்வீச்சு அதிலுள்ள யுரேனியத்துக்குப் பொருந்தாத அளவு அதிகம் என்று காட்டிக்கொடுத்தது இந்த முறைதான். அப்படியானால் தாதுவில் வேறு தனிமமும் இருக்க வேண்டும். 1898 ஜூலையில் பொலோனியம், டிசம்பரில் ரேடியம் என்று புதிய தனிமங்களின் அறிவிப்புகள் அதிலிருந்து வந்தவை. எந்தக் கைவேலைக்குப் பின் எது என்பதை விளக்க அட்டைகள் போதுமான அளவு சொல்வதில்லை; இதைப் படித்துவிட்டுப் போனால் கண்ணாடிக்குள் இருப்பது புரியும்.

1921-இல் அமெரிக்கப் பெண்கள் நிதி திரட்டி, 1 லட்சம் டாலர் மதிப்பில் அவருக்கு வாங்கித் தந்த ரேடியம் வெறும் 1 கிராம். அதற்கான ஈயப் பெட்டியின் பருமனைப் பாருங்கள். ரேடியம் கலந்த, 1930-களின் ‘தோ-ரேடியா’ அழகுக் களிம்பையும் விடாதீர்கள். அதன் விளம்பரத்தில் வரும் டாக்டர் அல்ஃபிரட் கியூரிக்கும் இந்தக் குடும்பத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ரேடியத்தைப் பிரித்தெடுத்த பழைய கொட்டகையைத் தேட வேண்டாம். அது லோமோன் தெருவில் இருந்தது, இன்று இல்லை.

1995 முதல் மேரி கியூரி துயிலும் பாந்தியோன், அதாவது பிரான்சின் பெரியோர் நினைவிடம், நடக்கும் தூரந்தான். அங்கே கட்டணம் உண்டு. காலையில் அதை முடித்துக்கொண்டு 1 மணிக்கு இங்கே வந்தால் நேரம் சரியாக இருக்கும்.