எட்டுப்பட்டையா, பாகிஸ்தானியா, ஆரிகாவா? பவளம் தின்னும் பட்டர்பிளை மீன்கள் பற்றி ஓர் ஒப்பீடு

உப்புநீர்த் தொட்டியில் கோமாளி மீன்கள் ஓராண்டு நோய்நொடி இல்லாமல் வாழ்ந்துவிட்டால், வளர்ப்பவரின் மனம் அடுத்தபடியாகப் பட்டர்பிளை மீன்களை நாடுவது இயல்பு. கடலூரிலும் புதுச்சேரியிலும் இருக்கும் நம்மைப் போன்றவர்கள் பெரும்பாலும் சென்னைக் கடைகளிலிருந்துதான் அவற்றை வாங்குகிறோம். அங்கே எல்லா இனங்களும் பக்கத்துப் பக்கத்துத் தொட்டிகளில் நிற்கின்றன. வண்ணத்தைப் பார்த்து எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம் என்ற எண்ணமே முதலில் எழும். ஆனால் வீட்டுக்கு வந்தபின் ஒன்று பல ஆண்டுகள் வாழ்கிறது, மற்றொன்று இரண்டே மாதத்தில் பட்டினியால் மடிகிறது. நம் பராமரிப்பைவிட, அந்த மீன் கடலில் எதைத் தின்று வளர்ந்தது என்பதே இதை முடிவு செய்கிறது.

ஏறத்தாழ 130 இனங்கள் உள்ள இந்தக் குடும்பத்தின் முதன்மைப் பேரினத்துக்குக் கேட்டோடான் என்று பெயர். முடி, பல் என்னும் இரண்டு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. தூரிகை மயிர்போல் நெருங்கி நிற்கும் அந்தப் பற்களால் சில இனங்கள் பவளத்தின் பாலிப்களை, அதாவது பவளத்தைக் கட்டும் உயிருள்ள சிற்றுடல்களை, மட்டுமே கொத்தித் தின்கின்றன. வேறு சில, பவளத்தோடு புழு, சிறு இறாலினம், பாசி என்று கிடைத்ததையும் தின்கின்றன. எட்டுப்பட்டையும், மெலன் பட்டர்பிளை என்று விற்கப்படும் மூன்றுபட்டை இனமும் முதல் வகை. பாகிஸ்தானி என்ற பெயரில் வரும் செவ்வால் மீனும் ஆரிகாவும் இரண்டாம் வகை. நான் முதல் வகையில் எட்டுப்பட்டையையும், இரண்டாம் வகையில் இரண்டையும் கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் வீட்டில் வளர்த்திருக்கிறேன்.

எட்டுப்பட்டையின் சாதகங்களை முதலில் சொல்லிவிட வேண்டும். முழு வளர்ச்சியிலும் 12 செ.மீ. அளவே இருப்பதால் 300 லிட்டர் தொட்டியே போதும் என்று தோன்றும். மற்ற மீன்களைத் துரத்தாது. வெளிர்மஞ்சள் உடலில் இறங்கும் கறுப்புக் கோடுகள் கண்ணைவிட்டு அகலாதவை. உணவு என்ற ஒன்றில் மட்டும் அது நமக்கு இடமே தருவதில்லை. பகல் முழுவதும் கிளைப்பவளங்களைச் சிறிது சிறிதாகக் கொத்தியே உயிர் வாழும் மீன் என்பதால், நீரில் மிதந்து வரும் உறைந்த மைசிஸை (இறால்போன்ற சிற்றுயிர்த் தீனி) அது உணவென்றே அறிவதில்லை. பவளம் வெளுத்து மடிந்த இடங்களில் இந்த வகை மீன்களும் குறைந்துபோவதை ஆய்வாளர்கள் பல கடல்களில் பதிவு செய்திருக்கிறார்கள். கடலிலேயே மாற்று உணவுக்குத் திரும்ப இயலாத மீனைக் கண்ணாடித் தொட்டியில் நாம் திருப்பிவிடுவோம் என்று நம்புவது பெரிய துணிச்சல்.

வெளிநாட்டில் சிலர் இதற்கென்றே பவளம் வளர்த்து உணவாகக் கொடுக்கிறார்கள். நமக்கு அந்த வழி அடைபட்டது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் கல்பவளங்கள் அனைத்தும் சேர்க்கப்பட்டன. அவற்றைக் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளத்திட்டுகள் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் வெளுத்துத் துன்பப்பட்டதை அறிந்தவர்கள், இந்தச் சட்டத்தைத் தொல்லையாகக் கருத மாட்டார்கள் என்று நம்புகிறேன். ஆகவே எட்டுப்பட்டையின் இயற்கை உணவை நாம் நேர்மையான வழியில் கொடுக்கவே முடியாது.

இத்தனையும் தெரியாமல்தான் நான் அதை வாங்கினேன். கடையில் "எல்லாம் சாப்பிடும்" என்றார்கள். முதல் வாரம் பாறையிடுக்குகளில் அலைந்து எதையோ கொத்திக்கொண்டே இருந்ததால் சாப்பிடுகிறது என்று மகிழ்ந்தேன். மூன்றாம் வாரம் மேலிருந்து பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது: கண்களுக்குப் பின்னால், முதுகின் இருபுறமும் இருக்க வேண்டிய சதை வற்றி, முதுகு கத்தியின் மறுபக்கம்போல் மெலிந்திருந்தது. பக்கவாட்டில் பார்த்தால் அப்போதும் அது அழகிய வட்டமாகவே தெரிந்தது. ஏழாம் வாரத்தில் இறந்தது. பட்டர்பிளை மீனை எப்போதும் மேலிருந்தும் முன்னிருந்தும் பார்க்க வேண்டும் என்பதை அந்த மீனிடம்தான் கற்றேன்.

பாகிஸ்தானியின் கதை வேறு. மாலத்தீவு முதல் ஜப்பான் வரை பரவியிருக்கும் இந்த இனம் 18 செ.மீ. வரை வளரும். கரும்பழுப்பு உடல், கண்ணுக்குப் பின்னால் வெள்ளைப்பட்டை, சிவந்த வால் என்று கம்பீரமாக இருக்கும். பவளப் பாலிப்களை விரும்பித் தின்றாலும் புழுக்களையும் தேடும் பழக்கம் உள்ளதால், பொறுமையாகப் பழக்கினால் மாற்று உணவுக்கு வரும். என்னுடையது முதல் ஐந்து நாள் எதையும் தொடவில்லை. ஆறாம் நாள் கடலூர் முதுநகரில் உயிருள்ள மட்டி வாங்கச் சென்றேன். சிறியவையாகப் பொறுக்குவதைப் பார்த்து, விற்ற அக்கா, "குழம்புக்குன்னா பெருசா எடுங்க தம்பி, இதுல சதையே இருக்காது" என்றார். மீனுக்கு என்று சொன்னதும், எடை போட்ட பிறகு ஒரு கை சேர்த்துப் போட்டார். ஓட்டைத் திறந்து, சதை ஒட்டியபடியே பாறைமேல் வைத்தபோது, அந்த மீன் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஒரு கண்ணால் அதைப் பார்த்தது, பின்வாங்கியது, திரும்பி வந்து ஓரத்துச் சவ்வை ஒரே ஒரு முறை இழுத்தது. அரை மணி நேரத்தில் ஓடு வெறுமையாயிற்று.

அதன்பின் மட்டிச்சதையையும் இறாலையும் பூண்டுச் சாற்றோடு அரைத்து, கூரையின் பழைய நாட்டு ஓட்டின் சொரசொரப்பான உடைந்த துண்டில் அழுத்தித் தேய்த்து, சிறிது உறையவைத்து, தொட்டிக்குள் சாய்த்து வைத்தேன். ஒரு பரப்பிலிருந்து கொத்தித் தின்பதே இந்த மீன்களின் இயல்பு என்பதால், மிதக்கும் உணவைவிட ஒட்டியிருக்கும் உணவை அவை விரைவில் ஏற்கின்றன. அந்த அரைப்பில் மைசிஸைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போய், ஒன்றரை மாதத்தில் நீரில் மிதக்கும் மைசிஸையே தின்னவைத்தேன். இதே ஓட்டுத்துண்டை எட்டுப்பட்டைக்கும் வைத்துப் பார்த்திருந்தேன். அது ஓட்டைக் கொத்தியது, உணவை உமிழ்ந்துவிட்டது.

ஆரிகாவுக்கு இத்தனை உழைப்பு தேவைப்படவில்லை. நீண்ட மூக்கால் இடுக்குகளிலிருந்து புழுக்களை இழுத்துத் தின்னும் இனம் அது. இரண்டாம் நாளே ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர்ச் சிறு இறாலினத்தைத் தின்றது. மரக்காணம் பக்கத்து இறால் குஞ்சுப் பொரிப்பகங்களால் ஆர்ட்டீமியா முட்டை நம் பகுதியில் கிடைப்பதும் ஒரு வசதி. ஆனால் 23 செ.மீ. வரை வளரும் மீனுக்கு 450 லிட்டருக்குக் குறைவான தொட்டி கொடுமை. உணவு ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால் ஆரிகா முந்துகிறது; இடத்தையும் சேர்த்துப் பார்த்தால் பாகிஸ்தானி நடுத்தர வீட்டுக்குச் சற்றுக் கூடுதலாகப் பொருந்துகிறது.

இதே குடும்பத்தைச் சேர்ந்த ஹெனியோகஸ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மிதவையுயிர்களைத் தின்னும் இனமாதலால் உணவுச் சிக்கல் மிகக் குறைவு. முதன்முதலாக இந்தக் குடும்பத்து மீன் வாங்குகிறவருக்கு அதையே சொல்வேன். 25 செ.மீ. உடலும் கொடிபோல் நீளும் முதுகுத்துடுப்பும் உயரமான தொட்டியைக் கேட்கும். இக்குடும்பத்தின் இன்னொரு இனமான காப்பர்பேண்ட் மீனை, அய்ப்டேசியா என்னும் களைபோல் பரவும் கடற்சாமந்தியைத் தின்பதற்காகவே பலர் வாங்குகிறார்கள். புதுச்சேரி நண்பர் ஒருவரின் தொட்டியில் அது களையை ஒழித்தது. களை தீர்ந்ததும் வேறு எதையும் தின்ன மறுத்து மெலிந்தது. மைசிஸ் தின்பதைக் கண்ணால் பார்க்காமல் அதை வாங்கக் கூடாது.

நீர் விஷயத்தில் நம் ஊருக்கென்று சில இடர்கள் உண்டு. மே மாதத்தில் சில்லர் (நீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லாத என் தொட்டியின் நீர் 31 டிகிரியைத் தாண்டியது. இந்த மீன்களுக்கு 25 முதல் 27 டிகிரி வேண்டும். கடல்நீரையே பயன்படுத்துவோர் வடகிழக்குப் பருவமழையில் கெடிலமும் பெண்ணையாறும் கலக்கும் கரையில் நீர் எடுத்தால் உப்பு குறைந்திருக்கும், உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் 1.024 வருகிறதா என்று பாராமல் ஊற்றக் கூடாது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கரையைக் கடந்தபின் கடலூர் நாள்கணக்கில் இருண்டு கிடந்ததை நினைத்தே, பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு இரண்டை எப்போதும் தயாராக வைத்திருக்கிறேன். நன்றாகத் தின்று சதைப்பிடிப்போடு இருக்கும் பாகிஸ்தானியும் ஆரிகாவும் இத்தகைய ஓரிரு கெட்ட நாள்களைத் தாங்குகின்றன. ஏற்கெனவே மெலிந்த மீனுக்கு ஒரு வெப்பநாளோ ஒரு வெண்புள்ளி நோயோ போதும்.

எனவே, உணவை முதன்மையாக வைத்து என் தேர்வு வரிசை ஹெனியோகஸ், ஆரிகா, பாகிஸ்தானி என்று போகிறது. ஆண்டுக்கணக்கில் பழகியவர்கள் மட்டும் காப்பர்பேண்டைத் தொடலாம். எட்டுப்பட்டையையும் மெலனையும் நான் இனி வாங்க மாட்டேன், வாங்கச் சொல்லவும் மாட்டேன். எந்த இனமானாலும், கடைக்காரரிடம் உங்கள் கண்முன் உணவு போடச் சொல்லுங்கள். மீன் உணவை வாயில் எடுத்து உமிழாமல் விழுங்குகிறதா என்று இரண்டு மூன்று முறை பாருங்கள். குனிந்து, மேலிருந்து அதன் முதுகைப் பாருங்கள். விழுங்கவில்லை என்றால் முன்பணம் கொடுத்துவிட்டு, அது அங்கேயே ஒரு வாரம் தின்று காட்டட்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.