‘படிப்பு மாத்திரை’ வாங்கி ஏமாறாதீர்கள்: தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் மாணவர்களுக்கு

செமஸ்டர் டைம்டேபிள் ஒட்டியதும் டெலிகிராமிலும் இன்ஸ்டாவிலும் ‘படிப்பு மாத்திரை’ விற்பவர்கள் கிளம்பிவிடுகிறார்கள். ‘ராத்திரி முழுக்கத் தூக்கம் வராது, படித்தது மண்டையில் அப்படியே நிற்கும், பெங்களூரு சரக்கு’ என்பதுதான் பேச்சு. முழுப் பணமும் முதலிலேயே ஜிபேயில் போட வேண்டும். பார்சல் டிராவல்ஸ் பஸ்ஸில் வரும். பில் கேட்டால் பிளாக்.

வந்த கவரைப் பிரித்துப் பாருங்கள். மாத்திரை அட்டையின் ஓரம் கத்தரியால் நறுக்கியிருக்கும். பேட்ச் நம்பரும் காலாவதித் தேதியும் இருந்த ஓரம்தான் அது. மிச்சம் இருப்பது ‘மோடாஃபினில் 200’ என்ற எழுத்து மட்டும். சில கவரில் அட்டையே இருக்காது, ஜிப் கவரில் உதிரி மாத்திரைகள். அது காஃபீனா, காலாவதிச் சரக்கா, வலி மாத்திரையா என்று கண்ணால் பார்த்து மெடிக்கல்காரராலும் சொல்ல முடியாது. காஃபீனாக இருந்து, அதன்மேல் எனர்ஜி டிரிங்க்கும் நாலு டீயும் சேர்ந்தால் படபடப்பும் கை நடுக்கமும் வரும். ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு நாள் முழுவதற்கும் 400 மில்லிகிராம் காஃபீன்தான் எல்லை. 250 மில்லி எனர்ஜி டிரிங்க் ஒன்றிலேயே 75 மில்லிகிராம் வரை இருக்கலாம். ‘கியூஆர் கோடு இருக்கே’ என்றும் நம்ப வேண்டாம். 2023 ஆகஸ்ட் 1இல் 300 பிராண்டுகளுக்குத்தான் அது கட்டாயமானது; தவிர, அச்சடித்த கோடை யாரும் நகலெடுக்கலாம்.

சரி, ஒரிஜினலே வந்தது என்று வையுங்கள். மோடாஃபினில் பகலில் அடக்க முடியாமல் தூங்கிவிழும் நோய்க்கான மருந்து, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. உள்ளே போனதில் பாதி வெளியேறவே 12 முதல் 15 மணி நேரம் ஆகும். ராத்திரி பத்து மணிக்குப் போட்டால் மறுநாள் பரீட்சை முடிந்து வரும்போதும் பாதி ரத்தத்தில் இருக்கும், அன்றைய தூக்கமும் கெடும். படித்தது மனதில் நன்றாகப் பதியத் தூக்கம் வேண்டும் என்பதால் இது காசு கொடுத்து மறதி வாங்குகிற கதை. தலைவலி, குமட்டல், பதற்றம் சாதாரணம். தோலில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அபூர்வமாக அது உயிருக்கே ஆபத்தாகும். பெண்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும், விற்பவன் இதைச் சொல்லவே மாட்டான்: ஹார்மோன் கருத்தடை மாத்திரையின் பலனை இது குறைக்கும், நிறுத்திய பிறகும் ஒரு மாதமாவது. பிசிஓடி என்கிற சினைப்பைக் கோளாறுக்காக அந்த வகை மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள்.

கவனக்குறைபாட்டுக்கு (ஏடிஎச்டி) டாக்டர்கள் கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட் இன்னும் மோசம். அது கடும் கட்டுப்பாடுள்ள எக்ஸ் அட்டவணை மருந்து. சீட்டு இரண்டு பிரதி வேண்டும், ஒன்றை மெடிக்கல் இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும். போதைப்பொருள் தடுப்புச் சட்டப் பட்டியலிலும் இருப்பதால் சீட்டில்லாமல் கையில் வைத்திருந்தால் வழக்கு உங்கள் மேலும்தான்.

இவ்வளவுக்கும் மூளை கூர்மையாகிறதா? 2023இல் வெளியான ஓர் ஆய்வில் 40 பேருக்கு இந்த வகை மருந்துகளைக் கொடுத்து, எடை வரம்புக்குள் அதிக மதிப்புள்ள பொருட்களைப் பையில் அடுக்கும் புதிரைப் போடச் சொன்னார்கள். அதிக நேரம் முயன்றார்கள், அதிக முறை மாற்றி மாற்றி அடுக்கினார்கள், ஆனால் முயற்சியின் தரம் குறைந்தது. விடிய விடிய உட்கார்ந்து ஒரே பக்கத்துக்கு மூன்று கலரில் கோடு போடுவது இதுதான்.

‘மூலிகைதான், சைடு எஃபெக்ட் இல்லை’ என்று நீர்ப்பிரம்மி கேப்ஸ்யூல் விற்பவர்கள் தனி. நீர்ப்பிரம்மி ஆய்வுகள் பலவற்றில் தினம் 300 மில்லிகிராம் சாறு வீதம் 12 வாரம் கொடுத்துத்தான் பார்த்தார்கள். பரீட்சைக்கு மூன்று நாள் முன்னால் வாங்குவது வீண்.

ஏமாற்று பார்சலோடு முடிவதில்லை. சில நாள் கழித்து போன் வரும்: ‘உங்கள் பேரில் போதை மாத்திரை பார்சல் பிடிபட்டது, பணம் கட்டினால் வழக்கில்லை.’ முகவரியும் ஆர்டர் மெசேஜும் கையில் இருப்பதால் துல்லியமாகப் பேசுவார்கள். போனில் பணம் வாங்கி வழக்கை முடிக்கிற போலீஸ் கிடையாது. கட்டாதீர்கள், ஒருமுறை கட்டினால் அடுத்த வாரமும் கேட்பார்கள். சாட், யுபிஐ பரிவர்த்தனை எண், எதிர் நம்பர் மூன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை முடக்க அவ்வளவு வாய்ப்பு. பயந்து சாட்டை அழித்தால் ஆதாரமும் போச்சு.

ஏற்கெனவே விழுங்கியிருந்தால் காபி, டீ, எனர்ஜி டிரிங்க் எதுவும் வேண்டாம். தூக்கம் வரவைக்க என்று இன்னொரு மாத்திரையும் போடாதீர்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வலிப்பு, சம்பந்தமில்லாத பேச்சு என்றால் 108. மனப் பதற்றம் அடங்கவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண் 14416இல் பேசலாம், கட்டணம் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்தக் கவரையும் மிச்ச மாத்திரையையும் எடுத்துப் போங்கள். ‘ஏதோ விட்டமின்’ என்று மழுப்பினால் டாக்டர் குருட்டாம்போக்கில்தான் வைத்தியம் பார்க்க வேண்டியிருக்கும்.