மாஸ்: காப்பியடித்ததைப் பிடிக்கும் இலவசக் கருவி, ஒரு செட்டிங்கை மாற்றினால் மட்டும்

மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக் காப்பியடித்த நிரல்களைக் கண்டுபிடிக்க, புரோகிராமிங் பாடம் நடத்துபவர்களுக்கு ஸ்டான்ஃபோர்டிலிருந்து இலவசமாகக் கிடைக்கும் சேவை மாஸ். அலெக்ஸ் ஐக்கன் 1994இல் உருவாக்கியது. மின்னஞ்சலில் பதிவு செய்துகொண்டு, பெர்ல் மொழியில் எழுதிய ஒரு சிறிய ஸ்கிரிப்ட் வழியாக வகுப்பின் கோப்புகளை அனுப்ப வேண்டும். ஒத்துப்போகும் ஜோடிகளின் பட்டியல் வலைப்பக்கமாக வரும். 14 நாளில் அழிந்துவிடும் என்பதால் உடனே சேமித்துவிடுங்கள்.

வேரியபிள் பெயரை மாற்றுவது, ஃபங்ஷன்களை மேலும் கீழுமாக நகர்த்துவது போன்ற மாணவர் வித்தைகள் இதனிடம் பலிப்பதில்லை. நிரலைச் சிறு துண்டுகளாக்கி, அவற்றின் ஹாஷ்களில் (துண்டின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் எண்கள்) சிலவற்றைக் கைரேகை போல எடுத்து ஒப்பிடுகிறது. துண்டு எந்த இடத்தில் இருந்தாலும் கவலையில்லை.

ஆசிரியர்கள் கோட்டை விடுவது, கோப்புகளை அனுப்பும்போது கொடுக்கும் ‘எம்’ (-m) ஆப்ஷனில். இதன் இயல்பு மதிப்பு 10. அதாவது ஒரு பகுதி பத்துக்கு மேற்பட்ட நிரல்களில் வந்தால், ஆசிரியர் கொடுத்த பொது நிரல் என்று நினைத்து விட்டுவிடும். மூன்று பாடங்களின் கெடு ஒரே வாரத்தில் விழும்போது என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்: வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் போட்ட விடையைப் பாதி வகுப்பு இறக்கிக்கொள்ளும். இருவர் பகிர்ந்தது மாட்டும், இருபது பேர் அடித்தது தப்பிவிடும்! எண்ணை வகுப்பின் அளவுக்கு மேல் ஏற்றுங்கள். நீங்களே கொடுத்த தொடக்கக் கோப்பை ‘பி’ (-b) ஆப்ஷனில் தனியாகக் கொடுங்கள். இல்லாவிட்டால் வகுப்பே குற்றவாளியாகத் தெரியும்.

இருபது வரிப் பயிற்சிகளுக்கு இது உதவாது. பகா எண் கண்டுபிடிக்க எத்தனை விதமாகத்தான் எழுத முடியும்? லேப் மேனுவலைப் பார்த்து எழுதும் ரெக்கார்டுக்கும் அதே கதி. அனுப்பிய கோப்புகளுக்குள் மட்டும்தான் ஒப்பீடு நடக்கும். போன வருட விடைகளையும் நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் கிடைப்பவற்றையும் நீங்கள்தான் சேர்க்க வேண்டும். சாட்ஜிபிடியிடம் தனித்தனியாகக் கேட்டு வாங்கிய விடைகள் பெரும்பாலும் நழுவிவிடும்.

சதவீதத்தை மட்டும் பார்த்துத் தண்டிக்காதீர்கள். அது ஒற்றுமையைத்தான் சொல்கிறது. இரண்டு கோப்பிலும் ஒரே பிழை, எங்குமே அழைக்கப்படாத ஒரே ஃபங்ஷன் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். பிறகு மாணவரைக் கூப்பிட்டு, புரிந்துதான் எழுதினாரா என்று பார்க்க ஒரு வரியை மாற்றச் சொல்லுங்கள்.

கோப்புப் பெயரில் மாணவர் பெயரோ பதிவு எண்ணோ இருந்தால் அதுவும் வெளியே போகும். வேறு எண்களாக மாற்றி அனுப்புங்கள். எதுவுமே வெளியே போகக் கூடாது என்றால், இதே வேலையைச் செய்யும் ஜேபிளாக் என்ற கருவி சரி. ஜாவா இருந்தால் உங்கள் கணினியிலேயே ஓடும்.