அரைக் கிலோ பூண்டு, மூன்று வழிகள்

கொடைக்கானலில் கடை வைத்திருப்பவனுக்கு ஒரு வசதி உண்டு. வாடிக்கையாளரைத் தேடி அலைய வேண்டாம். மே மாதம் அவர்களே மலையேறி வந்துவிடுவார்கள். சாக்லேட்டைக் கடித்துப் பார்த்து, பூண்டை முகர்ந்து பார்த்து, வாங்கிக்கொண்டு இறங்குவார்கள். ஆறு மாதம் கழித்துத் திருநெல்வேலியிலிருந்து போன் வரும்: "அண்ணே, அந்தப் பூண்டு தீர்ந்துபோச்சு. அனுப்பி வைப்பீங்களா?" 2024 மே 7 முதல் மலைக்கு வர இ-பாஸ் வேண்டும் என்று ஆன பிறகு, இந்த போன் எனக்கு இன்னும் முக்கியமாகிவிட்டது.

இப்படிக் கேட்கிறவர் அலுப்பில்லாமல் வாங்க எது தோது? பெரிய விற்பனைத் தளமா, சொந்த இணையதளமா, வாட்ஸ்அப்பா? மூன்றையும் பார்த்தாயிற்று.

வாங்குபவரின் சுகம் என்று பார்த்தால் அமேசான், ஃபிளிப்கார்ட் போன்ற தளங்களை மற்ற இரண்டும் நெருங்கவே முடியாது. முகவரி ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது, பணம் கட்டும் வழியும் இருக்கிறது. இரண்டு தட்டு, முடிந்தது. ஆனால் திருநெல்வேலிக்காரர் கேட்பது என் கடைப் பூண்டை. தேடினால் வரும் நீண்ட பட்டியலில் என்னை அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்கு மவுசு கூடியதும், அதை ஒட்டிக்கொண்டு விற்பவர்களும் கூடிவிட்டார்கள். கமிஷன், அனுப்பும் செலவு எல்லாம் போக அரைக் கிலோ பூண்டில் எனக்கு மிஞ்சுவது சொற்பம். வாங்கியவரின் போன் நம்பரும் கைக்கு வராது. ஆள் தேடித் தருவதற்குத்தான் அங்கே காசு கொடுக்கிறோம். என்னைத் தெரிந்தவரையே எனக்குத் தேடித் தர எதற்குக் காசு?

சொந்த இணையதளம் பார்க்க லட்சணமாக இருந்தது. கொஞ்ச நாள் அதையே திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன், வேறு யாரும் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம். வந்த சிலரும் கடைசிப் பக்கம் வரை வந்து திரும்பிப் போனார்கள். காரணம் பிடிபட நாளாயிற்று. பூண்டு 250 ரூபாய் என்று காட்டிவிட்டு, முகவரி, மின்னஞ்சல், பாஸ்வேர்டு எல்லாம் கேட்டு முடித்த பிறகு "அனுப்பும் செலவு 90" என்று போட்டிருந்தேன். கடையில் பேரம் முடிந்து பை கட்டியபின் விலையை ஏற்றினால் எப்படி இருக்கும்? அப்புறம் 340 என்று முதலிலேயே போட்டேன், பாஸ்வேர்டைத் தூக்கினேன். அதன் பிறகுதான் ஆர்டர்கள் முழுசாக முடிந்தன. இணையதளத்தில் பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வேக்கு நூற்றுக்கு 2 ரூபாய், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி என்றால் 500 ரூபாய் ஆர்டரில் 11 ரூபாய் 80 காசு போகிறது. அதுகூடப் பரவாயில்லை. தீபாவளிக்கு ஒரே ஆள் எட்டு முகவரிக்குச் சாக்லேட் அனுப்பச் சொல்லும்போது இணையதளம்தான் கை கொடுக்கிறது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் அது தூங்குவதில்லை.

வாட்ஸ்அப் பிசினஸில், சரக்கைப் படமும் விலையுமாக அடுக்கிக் காட்டும் கேட்லாக் வசதி 2019-லேயே வந்துவிட்டது. ஆனாலும் பலர் படம் மட்டும் போட்டு "விலைக்கு மெசேஜ் பண்ணவும்" என்கிறார்கள். இதைவிட வாங்குபவரை விரட்டும் வழி கிடையாது. விலை, எடை, அனுப்பும் செலவு உட்பட மொத்தத் தொகை எல்லாம் படத்தின் கீழேயே இருக்க வேண்டும். முகவரி, பின்கோடு, போன் நம்பர் மூன்றையும் ஒரே செய்தியில் கேட்டுவிட வேண்டும். ஒவ்வொன்றாகக் கேட்டால் ஆள் அலுத்துவிடுவார்.

பணம் வாங்குவதில் நான் செய்த தவறு வேறு. கியூஆர் படத்தை அனுப்பி வைப்பேன். வாங்குபவரின் கையில் இருப்பதோ ஒரே போன். அதில் வந்த படத்தை அதே போனால் எப்படி ஸ்கேன் செய்வது? படத்தைச் சேமித்து, ஆப்புக்குள் போய், கேலரியிலிருந்து எடுக்க எல்லோருக்கும் தெரியாது. இப்போது யுபிஐ ஐடியைத் தனிச் செய்தியாக அனுப்புகிறேன். அழுத்திப் பிடித்தால் காப்பி ஆகிவிடும்.

ஒரு மே மாதம் மதுரைக்கு அனுப்பிய சாக்லேட் கூரியர் குடோனில் ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கிடந்து கூழாகிப் போனது. கோகோ வெண்ணெய் 34 டிகிரி வாக்கில் உருகிவிடும். வத்தலக்குண்டு தாண்டினாலே வெயில் அதற்கு மேல். பெரிய தளமாக இருந்தால் ஒற்றை நட்சத்திரமும் ரிட்டனும்தான் வந்திருக்கும். வாட்ஸ்அப்பில் போட்டோ வந்தது, கூடவே நாலு திட்டு. மன்னிப்புக் கேட்டு வேறு சாக்லேட் அனுப்பினேன். அதிலிருந்து மார்ச் முதல் ஜூன் வரை சாக்லேட்டைக் கேட்லாக்கில் மறைத்து வைத்துவிடுகிறேன்.

வாட்ஸ்அப்பின் கோளாறு, எல்லாம் ஒரு ஆளின் தலையில் விழுவதுதான். பொங்கல் நெரிசலில் பணம் கட்டியவர் ஒருவரை மறந்தேபோனேன். இப்போது 'பணம் வந்தது', 'அனுப்பியாயிற்று' என்று லேபிள் போட்டு ஓட்டுகிறேன். நாளுக்கு இருபது ஆர்டர் தாண்டினால் அதுவும் தாங்காது. அந்த நிலையில் இருப்பவர்கள் இணையதளத்தையே முதலில் பார்க்கட்டும். பெரிய தளத்துக்கு என்றால், தாண்டிக்குடிப் பக்கத்துக் காப்பித்தூளை மட்டும் விடுவேன். கெடாது, உருகாது, என் கடையைத் தெரியாதவரும் வாங்குவார்.

பூண்டுக்கு எனக்கு வாட்ஸ்அப்தான். திருநெல்வேலிக்காரரிடமிருந்து போன வாரம் வந்த ஆர்டர் மொத்தமே இவ்வளவுதான்: "அண்ணே, போன தடவை மாதிரியே."