கனிந்ததா, வெம்பியதா? 2003 பவீ ஒயினும் இரண்டு விமர்சகர்களும்

2004 வசந்த காலத்தில், இன்னும் பாட்டிலுக்குள் போகாமல் பீப்பாயில் கிடந்த ஒரு ஒயினை இரண்டு பேர் சுவைத்தார்கள். அமெரிக்காவின் ராபர்ட் பார்க்கர் 100க்கு 95க்கும் மேலே போட்டார். இங்கிலாந்தின் ஜான்சிஸ் ராபின்சன் 20க்கு 12 போட்டார். பிரான்சின் போர்தோ பகுதியில், சாந்த் எமிலியோனில் இருக்கும் ஷாத்தோ பவீ தோட்டத்தின் 2003 சிவப்பு ஒயின் அது. இருபது வருடத்துக்கு மேலாகியும் பேச்சு ஓயவில்லை, பெரும்பாலும் யார் சொன்னது சரி என்ற பேச்சுதான். எனக்கென்னவோ இரண்டு பேரும் வாயில் உணர்ந்தது ஏறக்குறைய ஒன்றுதான், அதற்கு என்ன பெயர் வைப்பது என்பதில்தான் பிரிந்தார்கள் என்று படுகிறது.

முதலில் மதிப்பெண் கணக்கு. 12ஐ 5ஆல் பெருக்கி 60 என்று எழுதிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், அது தப்பு. பார்க்கரின் அளவுகோல் 50இல்தான் தொடங்குகிறது, 96ஐத் தொட்டால் அசாதாரணம் என்று அர்த்தம். ராபின்சனிடம் 15 வாங்கினால் சராசரி, 14 என்றால் சப்பென்று இருக்கிறது, 12 என்றால் பழுதான ஒயின் அல்லது சமநிலை கெட்ட ஒயின். ஆக, ஒருவர் உச்சாணிக் கொம்பில் ஏற்றி வைத்ததை இன்னொருவர் குறையுள்ள சரக்கு என்று ஒதுக்கியிருக்கிறார். வெறும் ரசனை வித்தியாசம் என்று தள்ளிவிடக்கூடிய இடைவெளி இல்லை இது.

அந்த வருடத்தைப் புரிந்துகொள்ளாமல் ஒயினைப் புரிந்துகொள்ள முடியாது. 2003 ஆகஸ்டில் ஐரோப்பாவே வெந்தது. பிரான்சில் மட்டும் சுமார் 15,000 பேர் அந்த வெப்பத்தில் இறந்தார்கள். போர்தோவில் 40 டிகிரியைத் தாண்டியது. பவீயில் பெரும்பங்கு மெர்லோ திராட்சை, அது எப்போதுமே சீக்கிரம் பழுக்கிற ரகம். வெயில் அடிக்க அடிக்கப் பழத்தில் சர்க்கரை ஏறும், புளிப்பு இறங்கும், அந்தச் சர்க்கரை எல்லாம் புளிக்கும்போது ஆல்கஹாலாக மாறும். இதற்கு மேல் தோட்டத்தின் முதலாளி ஜெரார் பெர்ஸ், சூப்பர்மார்க்கெட் தொழிலிலிருந்து வந்து 1998இல் பவீயை வாங்கியவர், குறைந்த விளைச்சல், நன்றாகப் பழுத்த பிறகே அறுவடை, புதிய ஓக் பீப்பாய், ஆலோசனைக்கு மிஷேல் ரோலான் என்று ஒயினை முன்பைவிடப் பல மடங்கு அடர்த்தியாக்கிவிட்டிருந்தார். ஏற்கெனவே அழுத்தமான கை, அதன் மேல் அப்படி ஒரு கோடை.

பார்க்கர் என்ன சொன்னார்? செழுமை, கனிமத் தன்மை, கம்பீரம் என்று பாராட்டிக்கொண்டே போனார். பவீயின் சுண்ணாம்புக்கல் மண் அந்த வருடத்து வெப்பத்தைத் தாங்குவதற்கென்றே அமைந்தது என்பது அவர் வாதம். இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சுண்ணாம்புக்கல்லும் களிமண்ணும் கலந்த நிலம் ஈரத்தைப் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வேருக்குக் கொடுக்கும், மணலிலும் சரளையிலும் நின்ற கொடிகள் வாடியபோது இப்படிப்பட்ட நிலத்துக் கொடிகள் தாக்குப்பிடித்தன. தவிர, 1982 போர்தோவை மற்றவர்கள் தயங்கித் தயங்கிப் பார்த்தபோது துணிந்து தூக்கிப்பிடித்துப் பேர் வாங்கியவர் அவர். பழுத்த, கொழுத்த ஒயினைப் பார்த்து மிரளாதவர்.

ராபின்சன் குறிப்பு சின்னது, ஆனால் ஒவ்வொரு சொல்லும் சுருக்கென்று தைக்கும். அளவுக்கு மீறிப் பழுத்த வாசனை, போர்ட் என்கிற இனிப்பு ஒயின் மாதிரி இனிப்பு, போர்ட் வேண்டுமென்றால் அது போர்ச்சுகலின் டூரோவிலிருந்து வரட்டும், சாந்த் எமிலியோனிலிருந்து எதற்கு என்றார். சிவப்பு போர்தோவைவிடத் தாமதமாக அறுத்த ஜின்ஃபாண்டெல் திராட்சை ஒயினைத்தான் இது ஞாபகப்படுத்துகிறது என்றார். கூடவே ஒரு பச்சை வாடையும் இருக்கிறது என்றார்.

இந்தக் கடைசிச் சொல்லில்தான் நான் நின்றுவிட்டேன். அளவுக்கு மீறிப் பழுத்தது, ஆனால் பச்சை. முரண்பாடு மாதிரி தெரிகிறது, இல்லையா? மாமரத்தடியில் வளர்ந்த யாருக்கும் அப்படித் தெரியாது. அதுதான் வெம்பல். உள்ளே கொட்டை முற்றுவதற்கு முன்பே வெயிலில் தோல் மஞ்சளித்துவிடும், தொட்டால் மெத்தென்று இருக்கும், கடித்தால் ஒரு பக்கம் அசட்டுத் தித்திப்பு, கொட்டையை ஒட்டிய பக்கம் புளிப்பும் துவர்ப்பும். திராட்சையிலும் நடப்பது ஏறக்குறைய இதேதான். கடும் வெப்பத்தில் கொடி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேலையை நிறுத்திவிடும், பழம் வற்றி வற்றிச் சர்க்கரை மட்டும் ஏறும், தோலிலும் விதையிலும் இருக்கும் துவர்ப்பு பக்குவப்படாமல் நின்றுவிடும். டானின் என்று ஒயின்காரர்கள் சொல்வது நம்முடைய துவர்ப்புதான், கொட்டைப்பாக்கை மென்றால் நாக்கைப் பிடித்து இழுக்குமே, அது.

வெப்ப வருடத்து மெர்லோ ஒன்று கையில் கிடைத்தால் கிளாஸில் ஊற்றி முகர்ந்து பாருங்கள். முதலில் கறுப்பு உலர்திராட்சை, அத்திப்பழம், கொஞ்சம் சாக்லேட். வாயில் வைத்ததும் இனிப்பது போலத் தோன்றும், ஆனால் போர்ட்டில் இருப்பது போல நிஜமான சர்க்கரை அதில் இருக்காது. போர்ட் செய்யும்போது பாதியில் சாராயத்தை ஊற்றிப் புளித்தலை நிறுத்திவிடுவதால் சர்க்கரை மிஞ்சுகிறது. இங்கே இனிப்பு மாதிரி தோன்றுவதெல்லாம் ஆல்கஹாலும் பழமும் சேர்ந்து செய்கிற வேலை. விழுங்கிய பிறகு தொண்டையில் ஒரு சூடு, அப்புறம் ஈறில் அந்தத் துவர்ப்பு. அதே வாய் நிறைந்த உணர்வை ஒருவர் செழுமை என்பார், இன்னொருவர் திகட்டல் என்பார்.

சண்டை அதோடு நிற்கவில்லை. பெர்ஸ் செய்கிற பவீ என்றாலே ராபின்சனுக்குக் காழ்ப்பு என்கிற தொனியில் பார்க்கர் எழுதினார். லேபிளை மறைத்துத்தான் சுவைத்தேன் என்றார் ராபின்சன், எனக்கென்று ஒரு கருத்து இருக்கக் கூடாதா என்றும் கேட்டார். கிளைவ் கோட்ஸ் என்ற இன்னொரு ஆங்கிலேய விமர்சகர் ஒரு படி மேலே போய், இதை நல்ல ஒயின் என்பவர்களுக்கு மூளையையும் நாக்கையும் மாற்ற வேண்டும் என்கிற அளவுக்குப் பேசினார். அது எனக்குப் பிடிக்கவில்லை. ஒயினைத் திட்டலாம், அதை ரசித்தவரைத் திட்டுவது எதற்கு?

என் தீர்ப்பைக் கேட்டால், நான் ராபின்சன் பக்கம்தான். பார்க்கர் கிளாஸுக்குள் இருப்பதை மட்டும் பார்த்து மதிப்பெண் போட்டார், அதில் நேர்மை இருக்கிறது. ஆனால் சாந்த் எமிலியோன் என்று எழுதி அந்த விலைக்கு விற்கும்போது அந்த ஊரின் குரல் உள்ளே கேட்க வேண்டும், மெர்லோவின் மென்மையும் காபெர்னே ஃப்ராங்க் என்ற இன்னொரு திராட்சை ரகத்தின் வாசனையும் கொஞ்சம் புத்துணர்வும் வேண்டும். எந்தச் சூடான ஊரிலும் செய்யக்கூடிய ஒன்றுக்கு ஏன் அந்த முகவரி? அதே சமயம் 12 குறைவுதான் என்பேன். அந்தக் கோடையில் பறித்த திராட்சையில் வெம்பல் இருந்தது தோட்டக்காரரின் குற்றம் மட்டும் இல்லை, வருடத்தின் குற்றமும்தான். கெட்டுப்போன ஒயினுக்குப் போடுகிற எண்ணை அதற்குப் போட்டிருக்க வேண்டாம்.

வாங்குகிறவர் பாடு வேறு. போர்தோவில் ஒயின் பாட்டிலாகிக் கைக்கு வருவதற்கு ஒன்றரை, இரண்டு வருடம் முன்பே பணம் கட்டி முன்பதிவு செய்கிறார்கள், நம்பிக்கைக்கு இருப்பது இந்தப் பீப்பாய்க் குறிப்புகள் மட்டும்தான். பார்க்கரின் எண் அன்று விலையையே நகர்த்தும். பல்லும் நாக்கும் கறுக்கக் கறுக்க ஒன்றன்பின் ஒன்றாகச் சுவைத்துத் துப்பிக்கொண்டு போகும் ஒரு காலைப் பொழுதில், அடர்த்தியான ஒயின் சட்டென்று தனித்துத் தெரியும், இது யாருடைய நாக்குக்கும் நடப்பதுதான். இரவு மேசையில் இரண்டாவது கிளாஸ் ஊற்றிக்கொள்ளத் தோன்றுமா என்று அந்தக் காலைப் பொழுது சொல்லாது.

2012இல் சாந்த் எமிலியோன் தரவரிசையின் உச்சப் படிக்குப் பவீ ஏறியது. 1955 முதல் ஓசோன், ஷெவால் பிளாங்க் என்ற இரண்டு தோட்டங்கள் மட்டுமே இருந்த படி அது, ஆஞ்செலூ தோட்டமும் கூடவே ஏறியது. 2022 பட்டியல் வந்தபோது அந்த மற்ற மூன்றும் தாங்களாகவே விலகிவிட்டிருந்தன. பவீ அங்கேயே இருக்கிறது.