வெள்ளவத்தை வீடும் பத்து வருடக் குழாய்ப் பராமரிப்பும்

2015 இல் கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கமாக, ஒரு பழைய மாடி வீட்டை வாங்கினோம். சுவரைத் தட்டிப் பார்த்தோம், கூரையில் ஏறிப் பார்த்தோம், உறுதியை இரண்டு சட்டத்தரணிகளிடம் காட்டினோம். குழாய்களை மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை.

குடிவந்த நாலாம் மாதம் மேல்மாடிக் குளியலறையில் தண்ணீர் திறக்கும் பைப்பின் தலை கையோடு கழன்று வந்தது. மொட்டை மாடிக்கு ஓடித் தாங்கியின் அடியில் இருந்த கேட் வால்வை, அதாவது சக்கரத்தைச் சுற்றினால் உள்ளே தகடு இறங்கித் தண்ணீரை நிறுத்தும் வகையை, மூடினேன். சக்கரம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது, தண்ணீர் நிற்கவில்லை. வருடக்கணக்கில் தொடாமல் விட்டதில் உள்ளே தகடு இறுகித் தண்டோடு இருந்த பிடிப்பு விட்டுப்போயிருந்தது. ஆயிரம் லீற்றர் தாங்கி முழுவதும் படிக்கட்டால் இறங்கி முன்வாசலுக்கு வந்து சேர்ந்தது. மறுநாள் வந்த குழாய் வேலை செய்யும் பாஸ் சொன்னது ஒரே வசனம்: “வருடத்துக்கு இரண்டு தடவை மூடித் திறந்திருந்தால் போதும், ஐயா.”

அதைத்தான் அன்றுமுதல் செய்கிறேன். தை முதல் ஞாயிறும் ஆடி முதல் ஞாயிறும் வீட்டில் உள்ள எல்லா வால்வுகளையும் ஒருமுறை மூடித் திறப்பேன். கால் மணி நேரம்கூட ஆகாது. பழைய கேட் வால்வுகளைக் கழற்றிவிட்டு, கைப்பிடியைக் கால்வட்டம் திருப்பினால் மூடும் ‘போல்’ (ball) வால்வுகளைப் பழைய சோனகத் தெருவில் வாங்கிப் போட்டோம். உள்ளே போட்ட பிவிசி வால்வுகள் இன்றும் நன்றாக இருக்கின்றன. மொட்டை மாடியில் போட்டதன் கைப்பிடி ஆறாவது வருடம் பிஸ்கட் போல உடைந்தது. வெயில் பிளாஸ்டிக்கை அப்படித்தான் ஆக்கும். அங்கே இப்போது பித்தளை வால்வு இருக்கிறது. முதலிலேயே விலையைப் பார்க்காமல் அதை வாங்கியிருக்க வேண்டும்.

கடற்காற்று வேறொரு கதை. கைகழுவும் தொட்டிக்கும் மலசலகூடத் தண்ணீர்த் தொட்டியான சிஸ்டர்னுக்கும் போகும் வளையும் குழாய்களில் ‘ஸ்டீல்’ பின்னல் பளபளவென்று இருக்கும். மூன்று வருடத்தில் பின்னலில் செம்மண் நிறப் புள்ளிகள் தெரிந்தன. பெரிதாக எடுக்கவில்லை. ஒரு நாள் சந்தைக்குப் போய் வருவதற்குள் ஒன்று வெடித்தது. பின்னல் அறுந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் அழுத்தத்தைத் தாங்காது. இப்போது துரு ஒரு புள்ளி தெரிந்தாலே மாற்றிவிடுகிறேன். நுனியில் உள்ள பிளாஸ்டிக் நட்டை ஸ்பனர் போட்டு இறுக்குவதும் ஆபத்து. கையால் இறுக்கி, அதற்குமேல் சற்று மட்டும் போதும். இதைக் கற்பதற்கு நான் இரண்டு நட்டுகளை வெடிக்க வைத்தேன்.

பைப்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரப்பர் வளையமான வாசர் போட்ட பழைய வகை சொட்டத் தொடங்கினால் சில ரூபாய் வாசரோடு வேலை முடியும். செரமிக் தட்டு வைத்த புதுவகை நீண்ட நாள் சொட்டாது, ஆனால் மணல் போனால் தட்டு கீறிவிடும். பிறகு உள்ளுறுப்பை முழுதாகவே மாற்ற வேண்டும், அதே அளவு கடையில் கிடைப்பது அதிர்ஷ்டம். குசினியில் எனக்குப் பழைய வகைதான் பிடிக்கிறது. மனைவிக்குப் புதுவகை. குசினி அவருடையது என்பதால் புதுவகையே இருக்கிறது.

2022, 2023 இல் நீர்க் கட்டணம் அடுத்தடுத்து ஏறிய பிறகுதான் மீற்றரை உண்மையாகப் பார்க்கத் தொடங்கினேன். ஓர் அலகு என்றால் ஆயிரம் லீற்றர். பாவனை கூடக் கூட அலகின் விலையும் படி ஏறும். ஒரு மழைக்கால மாதம் பட்டியல் ஏறக்குறைய இரட்டிப்பாக வந்தது. மீற்றர் பிழை என்று வீட்டில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. படுக்கப் போகுமுன் தாங்கி நிறைந்ததைப் பார்த்து, எல்லாப் பைப்களையும் மூடி, இலக்கத்தைக் குறித்தேன். காலையில் அது நகர்ந்திருந்தது. தாங்கிக்குள் தண்ணீர் வரும் வழியை மூடியபோது மீற்றரில் இருக்கும் சிறிய சில்லு நின்றது. ஆகவே நிலத்தடிக் குழாயில் கசிவில்லை. தாங்கி நிறைந்ததும் தண்ணீரை நிறுத்தும் மிதவை வால்வின் வாசர் தேய்ந்து, மேலதிகத் தண்ணீர் மழைநீரோடு மழைநீராக ஓடிக்கொண்டிருந்தது. மழை இல்லாத மாதமாயிருந்தால் முதல் நாளே கண்டிருப்போம்.

சிஸ்டர்ன் கசிவுக்கு இதைவிட எளிய வழி: கேசரிக்குப் போடும் கலர்ப் பவுடரைக் கரைத்து உள்ளே ஊற்றி, அரை மணி நேரம் தண்ணீர் இழுக்காமல் விட்டால், கசிவிருந்தால் கிண்ணத்தில் நிறம் தெரியும்.

அடைப்பு நீக்கும் இரசாயனத்தை இரண்டு தடவை வாங்கினேன். பணம் வீண். எங்கள் குசினித் தொட்டி அடைப்பதற்குக் காரணம் தேங்காய்ப்பூச் சக்கையும் சோற்றுப் பருக்கையும். அடியில் வளைந்திருக்கும் ட்ராப்பைக் கையால் கழற்றி வாளியில் கொட்டினால் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். நாற்றம் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான்.

நாற்றம் என்றதும் இன்னொன்று. ஒரு வருடம் நல்லூர்த் திருவிழாவுக்குப் போய், 25 நாளும் நின்று திரும்பினால் வீடெல்லாம் சாக்கடை மணம். குழாய் எங்கோ உடைந்துவிட்டதென்று நிலத்தை உடைக்க ஆள் பேசினேன். பாஸ் வந்து விருந்தினர் குளியலறைத் தரைத் துவாரத்தில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினார். துவாரத்தின் அடியில் தேங்கி நின்று சாக்கடைக் காற்றைத் தடுக்கும் தண்ணீர் காய்ந்திருந்தது, வேறொன்றுமில்லை. கூலி வாங்க மறுத்தார். தேநீர் மட்டும் குடித்தார்.

சுவருக்குள் இருக்கும் பழைய இரும்புக் குழாயை மட்டும் இன்னும் தொடவில்லை. காலையில் முதல் தண்ணீர் சிலவேளை மஞ்சளாக வருகிறது. மாற்ற வேண்டுமென்றால் டைல்ஸ் உடைய வேண்டும், டைல்ஸ் உடைந்தால் மனைவி குளியலறை முழுவதையும் மாற்றக் கேட்பார். ஆகவே இப்போதைக்கு முதல் வாளியைச் செவ்வரத்தைக்கு ஊற்றுகிறேன்.