பொத்தானா, காயில் நுனியா, கைக்கருவியா? மெட்டல் டிடெக்டரில் புள்ளி பிடிக்கும் மூன்று வழிகள்

மெட்டல் டிடெக்டர் புதிதாக வாங்கியவர் முதல் நாளிலேயே சத்தம் கேட்டுவிடுவார். அந்தச் சத்தம் மண்ணில் எந்தப் புள்ளியிலிருந்து வருகிறது என்று சொல்லத்தான் வாரங்கள் ஆகும். காயில், அதாவது கருவியின் அடியில் மண்ணை ஒட்டி வீசும் கம்பிச்சுருள் தட்டு, 11 அங்குல நீளம். மண்ணுக்கடியில் கிடக்கும் நாணயமோ ஏறத்தாழ ஓர் அங்குல அகலம். இந்த வித்தியாசத்தை மண்வாரியால் ஈடுகட்டப் போனால் புல்தரையில் பெரிய பள்ளம் விழும், அல்லது பொருளின் மேலேயே இரும்பு இறங்கும். இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில், உரிமையாளரின் அனுமதியோடு தேடிய ஒரு மேய்ச்சல் நிலத்தில், விக்டோரியா அரசியின் தலை பதித்த வெண்கலப் பென்னி ஒன்றை நான் அப்படித்தான் கீறிவிட்டேன். நூறாண்டுக்கு மேல் மண் காத்து வைத்திருந்த முகத்தின் குறுக்கே, புதுச் செம்பின் நிறத்தில் ஒரு வெட்டு. அதற்குப் பிறகுதான் மூன்று வழிகளையும் ஒரே நிலத்தில், ஒரே நாணயங்களைப் புதைத்து ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கினேன்.

எல்லோரும் முதலில் நம்புவது கருவியிலேயே உள்ள பின்பாயின்ட் பொத்தானை, அதாவது பொருள் கிடக்கும் புள்ளியைக் குறிக்க உதவும் பொத்தானை. சாதாரணத் தேடலில் காயில் அசைந்துகொண்டே இருந்தால்தான் சத்தம் வரும். பொத்தானை அழுத்தினால் அசைவு தேவையில்லை. பொருளை நெருங்க நெருங்க ஒலி ஏறும், விலக விலக இறங்கும். இதில் புதியவர்கள் செய்யும் தவறு, சத்தம் கேட்ட இடத்துக்கு நேர் மேலேயே காயிலை வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்துவது. பல கருவிகள் அழுத்திய கணத்தில் உள்ள நிலையையே பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். அப்போது பொருளின் மேலேயே கருவி ஊமையாகிவிடும். ஓரடி தள்ளிச் சுத்தமான மண்ணில் அழுத்திவிட்டு உள்ளே வர வேண்டும். ஒலி பரந்து கேட்டால், பாதி வழியில் ஒருமுறை விட்டு மறுபடி அழுத்தினால் வட்டம் சுருங்கும்.

பொத்தானின் பெரிய குறை, அது உலோகத்தைத் தரம் பிரிக்காது, அதாவது இரும்பா வெள்ளியா என்று பார்க்காது என்பது. வெள்ளி நாணயத்துக்கு அருகில் துருப்பிடித்த ஆணி கிடந்தால், தேடலில் நீங்கள் ஒதுக்கி வைத்திருந்த அந்த ஆணி இங்கே முழுக் குரலில் பேசும். ஆனால் பொருள் எவ்வளவு இடத்தில் பரவியிருக்கிறது என்று சொல்வதில் பொத்தானுக்கு நிகர் இல்லை. எத்தனை முறை சுருக்கினாலும் வட்டம் சிறுக்காவிட்டால், கீழே இருப்பது பெரியது, அல்லது பல. அங்கே வேகமாகத் தோண்டக் கூடாது. இதே சஃபோக்கின் ஹாக்ஸன் கிராமத்தில் 1992 நவம்பரில் எரிக் லாஸ் என்பவர் நண்பர் தொலைத்த சுத்தியலைத் தேடப் போய் ரோமானிய நாணயங்களைக் கண்டார். குவியல் பெரிது என்று தெரிந்ததும் தோண்டுவதை நிறுத்தித் தகவல் சொன்னார். தொல்லியலாளர்கள் வந்து முறையாக அகழ்ந்ததால், பொருள்கள் எப்படி அடுக்கி வைக்கப்பட்டிருந்தன என்பதுவரை பதிவாயிற்று. ஏறத்தாழ 15,000 நாணயங்கள்! சுத்தியலும் கிடைத்தது.

இரண்டாவது வழிக்குப் பொத்தானே வேண்டாம். காயிலின் வடிவத்தைத் தெரிந்துகொண்டால் போதும். என் மனம் அதிகம் சாய்வது இந்தப் பக்கம்தான். வட்டச் சுருளுக்குள் சிறு சுருள் வைத்த கான்சென்ட்ரிக் காயிலின் காந்தப்புலம் கீழே கூம்பாக இறங்கும். உச்ச ஒலி நடுமையத்தில். காரெட் நிறுவனத்தின் ஏஸ் 250 டிடெக்டரோடு வருவது இந்த வகை. ஒருமுறை இடவலமாக வீசி, பிறகு நீங்கள் கால் வட்டம் திரும்பி நின்று மறுபடி வீசினால், இரண்டு கோடுகளும் வெட்டும் இடமே புள்ளி. ஏஸ் 400, மைன்லேப் ஈக்வினாக்ஸ் போன்ற டிடெக்டர்களோடு வருவது டிடி காயில், D எழுத்து வடிவில் இரண்டு சுருள்கள் கொண்டது. அதன் உணர்வு நடுக்கோட்டில், முன்னிருந்து பின்னாக, கத்தியலகு போல் நிற்கும். இடவலமாகத் துல்லியம் அதிகம், முன்பின்னாகக் குறைவு. ஆகவே காயிலைக் குறுக்கே சிறு சிறு அசைவாக ஆட்டிக்கொண்டே உங்களை நோக்கி இழுங்கள். சத்தம் சட்டென்று நிற்கும் இடத்தில் பொருள் காயிலின் முன் நுனிக்குச் சற்று முன்னால் இருக்கிறது. 11 அங்குலக் குழப்பம் விரல் அகலத்துக்கு வந்துவிடும். நெருக்கமாக ஆணிகள் கிடக்கும் நிலத்தில் நான் பொத்தானைத் தொடுவதே இல்லை. இப்படி ஆட்டும்போது தரம் பிரித்தல் வேலை செய்துகொண்டே இருப்பதால் ஆணி குறுக்கிடுவது குறைகிறது.

இதிலும் ஏமாற்றங்கள் உண்டு. செங்குத்தாக நிற்கும் நாணயமும் நீளமான ஆணியும் ஒரு திசையில் இரட்டைச் சத்தம் தந்து புள்ளியைத் தள்ளிக் காட்டும். மேலோட்டமாகக் கிடக்கும் பொருளும் இரட்டிப்பாகக் கேட்கும். காயிலைச் சற்று உயர்த்தினால் ஒன்றாகிவிடும்.

மூன்றாவது, கையடக்கப் பின்பாயின்டர். காரெட் ப்ரோ-பாயின்டர் ஏடி போன்ற ஆரஞ்சு நிறக் கோல்கள். நாணயத்தை ஓரிரு அங்குலத்துக்குள் வந்தால்தான் உணரும் என்பதால், தோண்டுவதற்கு முன் அதனால் பெரிய பயன் இல்லை. குழி திறந்த பிறகு அதுவே அரசன். வெட்டி எடுத்த மண்கட்டியில் இருக்கிறதா, குழியின் சுவரில் இருக்கிறதா என்று நொடியில் சொல்லும். என் பென்னிக்கு அன்று கையில் இது இருந்திருந்தால், இரண்டாவது முறை மண்வாரியை இறக்கியிருக்க மாட்டேன். விலையுயர்ந்த டிடெக்டரை மட்டும் வாங்குவதா, ஒரு படி கீழான டிடெக்டரையும் நல்ல கோலையும் சேர்த்து வாங்குவதா என்று கேட்பவருக்கு என் பதில் எப்போதும் இரண்டாவதுதான்.

புல்தரையில் நான் இப்போது போகும் வரிசை: காயில் நுனியால் புள்ளி, பொத்தானால் பரப்பு, மூன்று பக்கம் வெட்டி மடக்கிய புல்கட்டி, பிறகு கோல். உழுத வயலில் மண் கலைந்தே கிடப்பதால் பொத்தானைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறேன். தமிழ்நாட்டில் முயல நினைப்பவர் கருவிக்கு முன் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தைப் படியுங்கள்: மண்ணில் மறைந்து கிடந்து எடுத்தது பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.